பழைய மலைச் சைக்கிளில் சீட் கம்பி ஏன் இறுகிக்கொள்கிறது?

1981-ல் அமெரிக்காவில் வந்த ஸ்டம்ப்ஜம்பர் போன்ற அக்கால மலைச் சைக்கிள்களின் சட்டம் எஃகு. சீட்டைத் தாங்கும் கம்பியோ பல வண்டிகளில் அலுமினியம். இடையே மழைநீரும் உப்பு வியர்வையும் இறங்கினால் அங்கே சின்ன மின்கலமே உருவாகிவிடும். அலுமினியம் எலக்ட்ரான்களை இழந்து அரிக்கப்படும். அதில் விளையும் வெள்ளைப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் தேவை. அதனால் ஆப்பு அடித்ததுபோல் கம்பி இறுகுகிறது.

எப்படிக் கழற்றுவது? சீட் போல்ட்டைத் தளர்த்தி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். பிறகு கம்பியை இருபுறமும் மாற்றி மாற்றித் திருகுங்கள். சூடேற்றாதீர்கள்! எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், பிடி கூடும். ஐஸ் வைத்துக் கம்பியைக் குளிரவைத்தால் அது சுருங்கி இளகும்.

கழன்றதும் கம்பி இறங்கும் சட்டக் குழாயைச் சுத்தமாகத் துடைத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் கம்பி இறுகாது.