தையல் மூலைக்கும் ஒரு விளக்கு

எங்கள் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்கள் பலர், அந்தி நேரத்தில் இன்னொரு வேலையையும் தொடங்குகிறார்கள். அதுதான் தையல். பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, பாவாடை, கிழிசல் தைத்தல் என்று கைக்கு நாலு காசு வருகிறது. மாதச் சம்பளம் கடைக் கணக்கிலும் கடனிலும் கரைந்து போனாலும், தையலில் வரும் பணம் பெண்ணின் கையிலேயே இருக்கும். பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உதவுவது பெரும்பாலும் அந்தப் பணம்தான்.

ஆனால், அந்தத் தையல் மெஷின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் கட்டில், அலுமாரி, டீவி எல்லாம் வைத்த பிறகு மிஞ்சிய மூலையில்தான் இருக்கும். பல்ப் தொங்குவதோ அறையின் நடுவில். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நம் தலையின் நிழலே ஊசியின் மேல் விழும். நடுவிலிருக்கும் பல்பைக் கழற்றிவிட்டுப் பெரிய பல்பைப் போட்டாலும் நிழல் அதே இடத்தில்தான் விழும். கரண்ட் பில் மட்டும் கூடும்.

வீட்டில் எல்லோருக்கும் பொதுவான விளக்கு, நுணுக்கமான வேலை செய்கிறவளுக்குப் போதாது. வேலை நடக்கும் இடத்துக்கென்று தனியாக ஒரு சிறு விளக்கு வேண்டும். சகோதரிகளே, இது ஆடம்பரமல்ல. கத்தரிக்கோல், ஊசி போலத் தொழிலுக்குரிய ஒரு கருவிதான்.

விளக்கு கிட்ட வரவர ஒளி எவ்வளவு கூடுகிறது தெரியுமா? ஆறடி உயரத்திலிருக்கும் ஒரு பல்பை மூன்றடிக்கு இறக்கினால், துணியின் மேல் விழும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இரண்டடிக்கு இறக்கினால் ஒன்பது மடங்கு. ஆகவே மெஷினருகே 5 வோட் எல்.ஈ.டி. விளக்கொன்று இருந்தாலே போதும். பழைய 60 வோட் குண்டு பல்ப் தந்த ஒளியை இன்று 9 வோட் எல்.ஈ.டி. தருகிறது. அது அவ்வளவாகச் சூடேறுவதுமில்லை. முகத்துக்கருகே விளக்கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வலது கையால் வேலை செய்கிறவர்கள் விளக்கை இடது பக்கம், சற்று முன்னால் வையுங்கள். அப்போது கையின் நிழல் ஊசியை மறைக்காது. இடது கைக்காரர்களுக்கு இது மறுபக்கம். பல்ப் நேராகக் கண்ணில் படாதபடி ஒரு மூடி இருக்கட்டும். நிறமும் முக்கியம். மஞ்சள் ஒளியில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிந்து நூல் மாறிவிடும். பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை ஒளியே தையலுக்கு நல்லது.

அடுத்தது சுவர். அடுப்புப் புகை படிந்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீடு முழுவதும் வெள்ளையடிக்க முடியாவிட்டாலும், மெஷினுக்குப் பக்கத்துச் சுவர் இரண்டுக்காவது அடியுங்கள்.

பகலில் செய்யக்கூடிய வேலையை இரவுக்கு வைக்காதீர்கள். தேயிலைத் தொழிற்சாலைகளில் தேநீரின் நிறம் பார்க்கும் மேசையை வடக்கு யன்னலோரம் போடுவது பழைய வழக்கம். நேர் வெயில் படாமல் ஒரே சீராக ஒளி கிடைப்பதே காரணம். அதே முறையில், ஞாயிற்றுக்கிழமைப் பகலில் துணி வெட்டுவதையும் அளவு குறிப்பதையும் இஸ்தோப்பில் வைத்துக்கொள்ளலாம். முதுகுக்கு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களில் பின் யன்னலுக்கு வழியில்லை. அங்கே கூரைத் தகரம் ஒன்றுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் தகடு போட்டால் பகலில் விளக்கே வேண்டாம். இதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. மாதர் சங்கம் மூலம் சேர்ந்து கேட்பது நல்லது.

வெளிச்சம் சரியாக இருந்தும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையா? நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயற்கை. இந்தியாவின் அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ என்ற மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் அளவு, பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் அதிகமாகக் கூடியது. கொழுந்துக்கே கண்ணாடி இப்படி உதவுமானால், தையலுக்குச் சொல்லவும் வேண்டுமா? விளக்கு வாங்குமுன் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடு பல்ப் ஹோல்டரிலிருந்து மெல்லிய வயர் இழுத்து இஸ்திரிப் பெட்டியையும் மெஷின் மோட்டரையும் ஓட்டுவதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். அந்த வயர் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. சூடேறி உருகித் தீப்பிடிக்கும். தேர்ந்த மின் வேலைக்காரரைக் கொண்டு மெஷினருகே ஒரு பிளக் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஊறும் எங்கள் பகுதிக்கு ட்ரிப் சுவிச் உயிர்க்காவல். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் குப்பி விளக்கைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். சரிந்து விழும் மண்ணெண்ணெய் விளக்குகளால் நம் நாட்டில் எத்தனையோ பெண்களும் பிள்ளைகளும் வெந்திருக்கிறார்கள். அப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, பக்கங்கள் தட்டையான, இறுக்கித் திருகும் மூடியுள்ள ‘சுதீபா’ விளக்கை உருவாக்கினார். அது சரிந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. இதற்காக அவருக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அன்றைய அனுபவத்தை மறக்காமல், சார்ஜ் செய்யும் விளக்கோ சூரிய ஒளி விளக்கோ ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எங்கள் மலைகளில் ஓடும் தண்ணீர் நாட்டுக்கே வெளிச்சம் தருகிறது. லக்சபான 1950இல் இயங்கத் தொடங்கியது. பக்கத்துத் தலவாக்கலையில் அணை கட்டி, மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவோட் வலுவுடன் 2012இல் வந்தது. இவ்வளவு மின்சாரம் பிறக்கும் மண்ணில் வாழும் பெண், தன் நிழலிலேயே குனிந்து தைக்க வேண்டியதில்லை.

இன்று இரவு மெஷின் முன் உட்காரும்போது, ஊசிக்கடியில் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்துப் பாருங்கள். அதில் உங்கள் தலையின் நிழல் விழுந்தால், விளக்கு இடம் மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லுங்கள்.