கண்ணுக்கு எட்டாத கணமும் கோல்ஃப் கருவிகளும்

கோல்ஃப் ஆட்டத்தில் மட்டையின் முகமும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பந்து எத்திசையில் கிளம்பும், எவ்வளவு உயரம் ஏறும், எப்பக்கம் வளையும் என்பவையெல்லாம் அந்தச் சிறு பொழுதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. அப்பொழுதை அடிப்பவரின் கண்ணோ, அருகில் நிற்கும் பயிற்றுநரின் கண்ணோ பற்ற முடியாது; பந்து போய் விழுந்த இடத்தைக் கொண்டே நிகழ்ந்ததை ஊகிக்க வேண்டியிருந்தது. ஆகவே பல தலைமுறைகளாகக் கோல்ஃப் பயிற்சி ஊகத்தின்மேல் எழுந்த கலையாகவே இருந்துவந்தது. அந்த ஊகத்தின் இடத்தில் அளவையைக் கொண்டுவந்து நிறுத்தியவை, லாஞ்ச் மானிட்டர் எனப்படும் பந்தெழுச்சி அளவிகளும், ஆட்டக்காரரின் ஒவ்வோர் அடியையும் திடலிலேயே பதிவுசெய்யும் உணரிக் கருவிகளும் ஆகும்.

தமிழ்நாட்டுத் திடல்களும் கண்ணளவும்

அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி போன்ற ஊர்களில் வாழ்வோர்க்குக் கோல்ஃப் பெரும்பாலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் மட்டுமே காணக்கிடைக்கும் ஆட்டமாகும் என்பதால் அதன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்வது பொருந்தும். முழுத் திடலொன்றில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் தனித்தனித் தொடக்க இடமும், குழியைச் சுற்றி மழித்தாற்போல் வெட்டிய கிரீன் என்னும் புல்தரையும் உண்டு. மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் இடுபவரே வெல்கிறார். ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை உடன்கொண்டு செல்லலாம். அவற்றுள் மிக நீண்ட தொலைவுக்குரியது டிரைவர், இடைத் தொலைவுகளுக்குரியவை அயர்ன் எனப்படும் இரும்பு மட்டைகள், கிரீனில் பந்தை உருட்டுவதற்குரியது பட்டர்.

இந்த ஆட்டம் தமிழகத்திற்குப் புதியதன்று. 1829இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற மன்றம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே எழுந்த முதல் கோல்ஃப் மன்றமாகக் கருதப்படுகிறது. 1884இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஜிம்கானா மன்றத்தார் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஆடத் தொடங்கினர்; 1895இல் கொடைக்கானல் கோல்ஃப் மன்றம் பிறந்தது; உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியும், சென்னை நந்தனத்துத் திடலும், கோவை செட்டிபாளையத்துத் திடலும் இந்த மரபைத் தொடர்கின்றன.

இத்திடல்களில் நெடுங்காலம் அளவுகோலாக விளங்கியது கேடியின் கண். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன்செல்லும் கேடி, காற்றையும் புல்லின் சாய்வையும் பார்த்தே தொலைவு சொல்லி மட்டையைத் தேர்ந்து கொடுப்பார். அப்பட்டறிவிலிருந்தே இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் பலர் உருவாயினர். பெங்களூரில் கேடியாகத் தொடங்கி 2009ஆம் ஆண்டின் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற சி. முனியப்பா அவர்களுள் ஒருவர். எனினும் கேடியின் கண் பந்தின் பயணத்தை அளக்கவல்லதேயன்றி, மட்டை பந்தைத் தொட்ட கணத்தை அளக்கவல்லதன்று.

ரேடாரும் கேமராவும்

அக்கணத்தை அளக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது டாப்ளர் ரேடார். அரியலூர் நிலையத்தில் நில்லாமல் விரையும் ரயிலின் ஊதல், வண்டி நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பது எல்லாரும் அறிந்தது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் இவ்வாறு மாறுவதையே டாப்ளர் விளைவு என்பர். கருவி நுண்ணலைகளை அனுப்பி, மட்டையிலும் பந்திலும் பட்டுத் திரும்பும் அலைகளின் மாற்றத்திலிருந்து அவற்றின் வேகத்தைக் கணிக்கிறது. படைக்கலச் சோதனைகளில் குண்டுகளின் பாதையைத் தொடரப் பயன்பட்ட இத்தொழில்நுட்பத்தைக் கோல்ஃபுக்கு ஏற்றவாறு மாற்றியது, டென்மார்க்கில் 2003இல் தொடங்கப்பட்ட டிராக்மேன் நிறுவனம். அதனை நிறுவியவர்களுள் ஒருவரான ஃபிரெட்ரிக் டக்சன் ரேடார் பொறியாளர். தென்னாப்பிரிக்காவின் ஃப்ளைட்ஸ்கோப் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹென்றி ஜான்சனோ கிரிக்கெட்டில் பந்துவீச்சின் வேகத்தை அளக்கும் ரேடாரையும் உருவாக்கியவர். ஆகவே பந்துவீச்சாளரின் வேகத்தைத் தொலைக்காட்சித் திரையில் எண்ணாகப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகர்க்கு இக்கருவி முற்றிலும் அன்னியமானதன்று.

இரண்டாவது வழி அதிவேகக் கேமரா. ஃபோர்சைட் நிறுவனத்தின் கருவிகள் போன்றவை பந்தின் அருகே தரையில் வைக்கப்பட்டு, பந்து கிளம்பிய முதல் சில அங்குலங்களை மட்டும் அடுத்தடுத்துப் படமெடுத்து, அதன் வேகத்தையும் சுழற்சியையும் நேரடியாக அளக்கின்றன; எஞ்சிய பயணத்தைக் கணினி கணக்கிட்டுக் காட்டுகிறது. ரேடார் பந்து பறப்பதை நெடுந்தொலைவு பின்தொடரவல்லது என்பதால் வெட்டவெளியில் சிறப்பாகச் செயல்படுகிறது. பந்து சில மீட்டர் தொலைவில் திரையில் மோதி நிற்கும் உள்ளரங்குக் கூடங்களில் கேமராவுக்கு வசதி மிகுதி. இந்த வேறுபாட்டை அறியாமல் கருவி வாங்குவோர், தம் இடத்துக்குப் பொருந்தாத எண்களை நம்பி ஏமாற நேர்கிறது.

எண்கள் சொல்லும் செய்தி

இக்கருவிகள் தரும் எண்கள் பலவாயினும், தொடக்கநிலை ஆட்டக்காரர் நான்கைந்தைப் புரிந்துகொண்டால் போதும். மட்டைத்தலையின் வேகம், பந்தின் வேகம், பந்து தரையிலிருந்து எழும் கோணம், நிமிடத்திற்கு எத்தனை முறை அது சுழல்கிறது என்னும் ஸ்பின், காற்றில் பறந்து முதன்முதலாகத் தரைதொடும் தொலைவாகிய கேரி ஆகியவையே அவை. பந்தின் வேகத்தை மட்டையின் வேகத்தால் வகுத்துப் பெறும் எண் ஸ்மாஷ் ஃபாக்டர் எனப்படுகிறது. மட்டைமுகத்தின் துள்ளலுக்கு விதிகள் வரம்பு வைத்திருப்பதால் டிரைவரில் இவ்வெண் ஏறத்தாழ 1.5ஐத் தாண்டுவதில்லை. டிராக்மேன் முன்னர் வெளியிட்ட சராசரிகளின்படி, அமெரிக்க ஆடவர் தொழில்முறைச் சுற்றில் டிரைவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 182 கிலோமீட்டர், பந்தின் வேகம் 269 கிலோமீட்டர், கேரி 250 மீட்டர். மகளிர் சுற்றில் அவை முறையே 151, 225, 199.

இவ்வெண்களின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் மட்டை வீசும் ஒருவரின் ஸ்மாஷ் ஃபாக்டர் 1.38 எனில் பந்து 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும்; மட்டைமுகத்தின் நடுவில் பந்து படுமாறு பழகி அதை 1.48 ஆக உயர்த்தினால் வேகம் ஏறத்தாழ 215 ஆகும். கூடுதல் வலிமை எதுவுமின்றியே 15 மீட்டரளவு தொலைவு கூடுகிறது. இன்னும் வேகமாக வீசவேண்டும் என்று உடலை வருத்திக்கொண்டிருந்தவர்க்கு, தேவை வேகமன்று, துல்லியமே என்பதை இந்த ஒரே எண் தெளிவாக்கிவிடுகிறது.

கருவிகள் கற்பித்தவற்றுள் மிக முதன்மையானது பந்தின் திசை பற்றிய உண்மையாகும். மட்டை செல்லும் பாதையிலேயே பந்து கிளம்பும் என்றும், பின்னர் மட்டைமுகம் நோக்கிய பக்கமாக வளையும் என்றும் பல பயிற்சி நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. இயற்பியலறிஞர் தியோடர் ஜார்கன்சன் 1994இல் வெளியிட்ட நூலில் இதன் உண்மை நிலையை விளக்கியிருந்தார். ரேடார் அளவைகள் அதை ஐயத்திற்கிடமின்றி நிறுவின. பந்து கிளம்பும் திசையை முதன்மையாக நிர்ணயிப்பது மட்டைமுகமே, டிரைவரில் அதன் பங்கு ஏறத்தாழ 85 விழுக்காடு. முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான வேறுபாடே பந்தை வளைக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் ஒருவரின் பந்து நேராகக் கிளம்பி வலப்புறம் வளைந்தோடுமானால், பழைய பாடம் மட்டைமுகத்தைத் திருத்தச் சொல்லும்; புதிய அறிவோ முகம் சரியாகவே இருக்கிறது, பாதைதான் இடப்புறம் சாய்கிறது என்று காட்டும். நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறொன்றாக இருந்தமையால் எத்தனையோ ஆட்டக்காரர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாயிற்று என்பதை எண்ணும்போதுதான் அளவையின் அருமை விளங்கும்.

இடமும் கணக்கில் சேரவேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய சென்னையைவிட, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், ஒரே அடி அங்கே சுமார் 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுதலாகப் பறக்கக்கூடும். பயிற்சிக் கூடத்துப் பந்துகள் போட்டிப் பந்துகளிலிருந்து வேறுபட்டவை என்பதையும் மறத்தலாகாது. இவற்றைக் கருதாமல் ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வது தவறான மட்டைத் தேர்வில் முடியும்.

திடலில் கணக்கெழுதும் கருவிகள்

லாஞ்ச் மானிட்டர் ஓர் அடி எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்கிறது. அந்த அடி ஆட்டத்தில் என்ன விளைவித்தது என்பதைச் சொல்வன பதிவுக் கருவிகள். ஆர்கோஸ் போன்றவற்றில் ஒவ்வொரு மட்டையின் கைப்பிடி முனையிலும் சிறிய உணரி பொருத்தப்படுகிறது. ஸ்காட்லாந்தின் ஷாட் ஸ்கோப் போன்றவை கைக்கடிகாரத்தோடு இயங்குகின்றன. செயற்கைக்கோள் இருப்பிடத் தகவலின் துணையால், எந்த மட்டையால் எங்கிருந்து எங்கே பந்து சென்றது என்பதை அவை குறித்துவைக்கின்றன.

இக்குறிப்புகளுக்குப் பொருள் தந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. அவர் வகுத்த ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்னும் முறை, ஒவ்வோர் அடியும் ஈட்டியதையும் இழந்ததையும் தனித்தனியே கணக்கிடுகிறது. குழியிலிருந்து 8 அடி தொலைவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பாதி முறையே ஒரே உருட்டலில் பந்தைக் குழியிலிடுகின்றனர். ஆகவே அங்கிருந்து அவர்களின் சராசரி 1.5 உருட்டல். அதை ஒரே உருட்டலில் முடித்தவர் அரை உருட்டல் ஈட்டுகிறார், இரண்டில் முடித்தவர் அரை உருட்டல் இழக்கிறார். 33 அடித் தொலைவிலோ சராசரி 2 என்பதால், அங்கே இரண்டு உருட்டல்களில் முடிப்பது இழப்பாகாது. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்று 2011இல் இம்முறையை முதலில் பட்டர் ஆட்டத்திற்கு ஏற்றுக்கொண்டது. கிரீனில் உருட்டுவதே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்னும் பழங்கருத்துக்கு மாறாக, வல்லவர்க்கும் அல்லாதவர்க்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெடுந்தொலைவு அடிகளிலிருந்தே வருகிறது என்று பிராடி காட்டினார்.

இது பொது உண்மை; தனி ஒருவர்க்கு அவரவர் கணக்கே வழிகாட்டி. பெங்களூரின் அதிதி அசோக், தொலைவில் பலருக்குப் பின்தங்கியவராக இருந்தும், கிரீனில் பந்தை உருட்டும் ஆட்டத்தின் வலிமையால் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்று, ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டார். தம் வலிமை எது, இழப்பு எங்கே என்று அறிந்து ஆடுவது எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு அவர் சான்று.

பயிற்சியில் கருவிக்குரிய இடம்

கருவி இருப்பதனாலேயே ஆட்டம் மேம்படுவதில்லை. அதைக் கையாளும் ஒழுங்கே மேம்படுத்துகிறது. ஒரே மட்டையால் பதினைந்து அடிகள் அடித்து, மோசமானவற்றை நீக்காமல், சராசரியையும் பரவலையும் குறித்துக்கொள்வது முதற்படி. மிகச் சிறந்த ஓர் அடியையே தம் தொலைவாகக் கருதுவது பலரின் பழக்கம். பொழுதுபோக்கு ஆட்டக்காரர் பெரும்பாலோர் கிரீனை எட்டாமல் முன்னதாகவே பந்தை இறக்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுத்து, ஒரு வேளையில் ஒரே எண்ணைத் திருத்த முயலவேண்டும். கோணத்தையும் சுழற்சியையும் பாதையையும் ஒருங்கே திருத்தப் புகுபவர் எதையும் திருத்துவதில்லை.

மூன்றாவது, திரையைச் சில வேளை மறைத்துவைக்க வேண்டும். உடலியக்கத் திறன்களைக் கற்பது பற்றி சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகியோர் 1984இல் எழுதிய ஆய்வுரை, ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் உடனுக்குடன் விடை பெறுபவர், விடை நின்றவுடன் தடுமாறக்கூடும் என்று விளக்கியது. ஆகையால் அடித்தபின் வேகத்தையும் திசையையும் முதலில் தாமே ஊகித்து, அதன்பின் திரையைப் பார்ப்பதே சிறந்த பழக்கம். அவ்வாறு பழகும்போது கருவியின் அறிவு ஆட்டக்காரரின் உணர்வாகவே மாறுகிறது. போட்டியில் அந்த உணர்வே துணை; ஏனெனில் 2019இல் திருத்தப்பட்ட விதிகள் தொலைவை அளக்கும் கருவிகளைப் பொதுவாக அனுமதித்தாலும், ஏற்ற இறக்கத்தையும் காற்றின் வேகத்தையும் அளப்பதையும், எந்த மட்டையை எடுக்கவேண்டும் என்று கருவியிடம் கேட்பதையும் தடை செய்கின்றன.

யாருக்குக் கிடைக்கவேண்டும்

உயர்தரக் கருவிகளின் விலை பல இலட்சம் ரூபாய். சிறிய ரேடார்கள் அதில் சிறு பகுதி விலைக்குக் கிடைக்கின்றன. ஏதுமற்றவரும் கைப்பேசியில் விநாடிக்கு 240 படங்கள் எடுத்துத் தம் வீச்சை ஆராயலாம். இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட நேரம் நான்கு மில்லி விநாடிக்கு மேற்பட்டதாகையால் மட்டையும் பந்தும் மோதும் கணம் அதில் அகப்படாது. எனினும் தோளும் இடுப்பும் மட்டையின் பாதையும் தெளிவாகத் தெரியும். இந்த எளிய வழி, மீன்சுருட்டியில் பந்துவீசப் பழகும் கிரிக்கெட் சிறுவனுக்கும் சிறுமிக்கும் அப்படியே பொருந்துவதாகும்.

ஆயினும் நல்ல அளவை வசதியுள்ளோரின் உடைமையாக மட்டும் நின்றுவிடுவது நீதியன்று. 1904க்குப் பின் 2016இல் கோல்ஃப் மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்ட நிலையில், தமிழ்நாட்டு மன்றங்களும் விளையாட்டு அமைப்புகளும் பொதுக் கருவி ஒன்றையேனும் பயிற்சித் திடலில் நிறுத்தி, மட்டைப் பை சுமக்கும் கேடி இளைஞர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் வாரத்தில் சில மணி நேரமாவது திறந்துவிடுதல் வேண்டும். கண்ணளவால் மட்டுமே கற்று நாட்டின் பட்டங்களை வென்றவர்கள் அந்த வரிசையிலிருந்தே வந்தார்கள். ஊகத்தோடு அளவையும் கைவரப்பெற்றால் அவர்கள் எட்டக்கூடிய உயரத்தைக் காண்பதற்கு, கருவியை அவர்கள் கையில் கொடுப்பதே முதற்செயல்.