வேலைத்தளத்தின் கதவு திறக்கும் நாள்

நாள்தோறும் இரயிலிற் செல்வோர் நிலையத்தை அறிவர். அந்த இரயிலைச் செப்பனிடும் வேலைத்தளத்தை அறியார். நியூயோர்க் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்று மீள்வோரை ஏற்றிச்செல்லும் மெற்றோ நோர்த் இரயில்வே, ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஹார்மன் வேலைத்தளத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டதுண்டு.

அத்தளத்தின் வரலாற்றுக்குப் பின்னால் ஒரு பெருந்துயர் உண்டு. 1902 சனவரி 8 ஆம் நாள், நியூயோர்க்கின் பார்க் அவெனியூச் சுரங்கத்தில் புகையும் நீராவியும் மண்டியிருந்தன. நிறுத்தச் சைகையைக் கடந்து சென்ற இரயில் ஒன்று, முன்னே நின்ற இரயிலில் மோதிற்று. 15 பேர் மாண்டனர். அதன் பயனாக, 1908 முதல் அச்சுரங்கத்தில் நீராவி எஞ்சின்கள் தடைசெய்யப்பட்டன. 1913 இல் மின்சாரப் பாதை ஹார்மன் வரை நீண்டது. அங்கே மின் எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினைப் பூட்டினர். அதனாலேயே ஹார்மன் பெரும் இரயில் தளமாயிற்று.

இத்தகைய தளங்களில் நடக்கும் பணிகளுள் ஒன்றைக் கூறுவேன். இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் விழும் இலைகள் நசுங்கி வழுக்கும். தடையைப் போட்டதும் சில்லுகள் சுழலாது சறுக்கி, ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகின்றன. பின்பு ஓடும்போது 'தடதட' என்ற ஓசை எழும். அச்சில்லைக் கடைந்து மீண்டும் வட்டமாக்குகின்றனர் தொழிலாளர்.

ஓசையைக் கேட்டுச் சலித்த பயணி, அதனைத் தீர்க்கும் கைகளை நேரிற் காண்பது நன்று. தன்னுயிரை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதை அவன் அன்று அறிகின்றான். யாருக்காக உழைக்கின்றோம் என்பதைத் தொழிலாளியும் காண்கின்றான்.