வீட்டு வரி: 2018-ல் நீ, 2022-ல் நான்

இந்த வாரம் பேசப்போறது கேட்டாலே கொட்டாவி வர்ற ஒரு விஷயம். சொத்து வரி. நம்ம வீட்டுப் பேச்சில் வீட்டு வரி. "நான் வாடகைக்குத்தானே இருக்கேன், எனக்கென்ன"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஓனருக்கு ஏறுற வரி அடுத்த அக்ரிமென்ட்டில் உங்க வாடகையில்தான் வந்து உட்காரும்.

எனக்கு இந்த எபிசோட் ஆரம்பிச்சது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். சொந்த ஊர் குன்னூர். 2018 ஜூலையில் சித்தப்பா ஒரு படம் போட்டார். வரி உயர்வைக் கண்டிச்சு ஆர்ப்பாட்டம், கறுப்பு சிவப்புக் கொடி. உடனே மாமா, "ரோடு வேணும், தண்ணி வேணும், வரி மட்டும் ஏறக்கூடாதா?"ன்னு கேட்டார். 2022 ஏப்ரலில் மாமா ஒரு படம் போட்டார். அதே வரி, அதே மாதிரி ஆர்ப்பாட்டம், இந்தத் தடவை இரட்டை இலை. சித்தப்பாவோட பதில்? நாலு வருஷம் முன்னாடி மாமா எழுதினதேதான், கிட்டத்தட்ட வார்த்தை மாறாம. நான் மேலே ஸ்க்ரோல் பண்ணி ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். ஒரு வாரம் ரெண்டு பேரும் என்கிட்ட பேசலை.

நடந்தது இதுதான். 2018-ல் அதிமுக ஆட்சி சொத்து வரியை உயர்த்துச்சு. வீடுகளுக்கு 50% வரை, கடை மாதிரி மத்த கட்டடங்களுக்கு 100% வரை. திமுக தெருவுக்கு வந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடான நேரத்தில், அதே அதிமுக அரசு அந்த உயர்வை நிறுத்தி வச்சது. அப்புறம் ஆட்சி மாறிச்சு. 2022 ஏப்ரல் 1, திமுக அரசு புது உயர்வை அறிவிச்சது. ஊட்டி, குன்னூர் மாதிரி நகராட்சிகளில் 600 சதுர அடி வரைக்கும் 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதுக்கு மேல 100%. கடைகளுக்கும் 100%. இப்போ அதிமுகவும் பாஜகவும் தெருவில். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிஞ்சது அதே வருஷம் பிப்ரவரி 19. ஆறு வாரம்கூட ஆகலை. அந்த டைமிங்கை எதிர்க்கட்சிகள் பிடிச்சுக்கிட்டதில் தப்பே இல்லை.

இதில் யார் சொன்னது உண்மை?

திமுக அரசு சொன்னது: 15-வது நிதி ஆணையம் போட்ட நிபந்தனை இது, உயர்த்தலைன்னா மத்திய மானியம் வராது. பாஜக சொன்னது: நிதி ஆணையம் இவ்வளவு ஏத்தச் சொல்லவே இல்லை. வேடிக்கை என்னன்னா ரெண்டுமே சரி. என்.கே. சிங் தலைமையிலான அந்த ஆணையம் கேட்டது ரெண்டு விஷயம். சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்கணும். அதுக்கப்புறம் வசூல், மாநிலப் பொருளாதாரம் வளர்ற வேகத்துக்கு ஈடா வளரணும். இது இல்லைன்னா நகர்ப்புற மானியம் கிடையாது. நிபந்தனை நிஜம். ஆனா 25, 50, 75, 100ங்கிற படிக்கட்டைக் கட்டினது சென்னையில்.

அந்தப் படிக்கட்டு ஏன் அவ்வளவு செங்குத்து? சென்னைக்கு வெளியே இருக்கிற ஊர்களில் அதுக்கு முன்னாடி நிலைச்ச உயர்வு 2008-ல். நடுவில் 14 வருஷம். நான் கால்குலேட்டரை எடுத்தேன், பழக்கதோஷம். 14 வருஷத்தில் ரெட்டிப்பாகணும்னா வருஷம் 5% சொச்சம் ஏறினால் போதும். 25%க்கு வருஷம் 1.6%தான் வருது. அந்தக் காலத்தில் பால் விலை, பெட்ரோல் விலை, உங்க வாடகை எவ்வளவு ஏறிச்சுன்னு நினைச்சுப் பாருங்க. என் கருத்து, திட்டுறவங்க திட்டலாம்: தொகை அநியாயம் இல்லை, 14 வருஷக் கணக்கை ஒரே பில்லில் நீட்டினதுதான் அநியாயம். சாஃப்ட்வேரில் அப்டேட்டைத் தள்ளிப்போட்டுக்கிட்டே போனா ஒருநாள் மொத்தமா வந்து மெஷினைப் படுக்க வைக்கும் இல்லையா, அந்தக் கதை. தள்ளிப்போட்டதில் ரெண்டு கட்சிக்கும் பங்கு இருக்கு.

இன்னொன்னு. டீ பத்திப் பேசாம நீலகிரி எபிசோட் முடியாது, அதனால சொல்றேன். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தள்ளினாங்களே, அவங்க கோபம் வரியோட அளவு மேல இல்லை. எங்க ஆள் உட்காராத சபை எங்க மேல எப்படி வரி போடும்ங்கிறதுதான். இப்போ குன்னூருக்கு வாங்க. 2011-ல் ஜெயிச்ச கவுன்சிலர்களோட பதவிக்காலம் 2016-ல் முடிஞ்சது. அடுத்த கவுன்சிலர்கள் வந்தது 2022-ல். நடுவில் அதிகாரிகள்தான் நகராட்சியை நடத்தினாங்க. ஏன் தேர்தல் நடக்கலைன்னு கேட்டால் கோர்ட் வழக்கு, வார்டு மறுவரையறைன்னு ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவாங்க. 2018-ல் வரி ஏறினப்போவும் 2019-ல் இறங்கினப்போவும் "ஏன் சார்?"ன்னு கேட்க எங்க வார்டில் ஒரு ஆள் கிடையாது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாத் தெரியுது.

சரி, காசு எங்க போகுது? மலை ஊர்களில் இந்தக் கேள்வி கொஞ்சம் விசேஷம்.

2011 கணக்கெடுப்புப்படி ஊட்டி நகர மக்கள்தொகை 88,430. சீசனில் வர்ற கூட்டம் எவ்வளவுன்னா, 2025-ல் ஹைகோர்ட் வண்டிகளுக்கே வரம்பு போட வேண்டியதாச்சு. வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000. இத்தனை பேர் குடிக்கிற தண்ணி, போடுற குப்பை, கோடப்பமந்து கால்வாய் வழியா ஏரிக்குப் போற கழிவு, இதெல்லாம் பெரும்பாலும் நகராட்சி தலையில்.

ஆனா அவங்க செலவு பண்ற காசைப் பின்தொடர்ந்து பாருங்க. தாவரவியல் பூங்கா டிக்கெட்? தோட்டக்கலைத் துறைக்கு. போட் ஹவுஸ்? தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு. மலை ரயில்? தெற்கு ரயில்வேக்கு. ஹோட்டல் பில்லில் இருக்கிற ஜிஎஸ்டி? மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும். நகராட்சி கையில் நேரா விழுறது சொத்து வரி, தண்ணிக் கட்டணம், மார்க்கெட் வாடகை மாதிரியானதுதான். மாநிலம் தன் சொந்த வரியில் 10% உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுத் தருது, அது உண்மை. நிதி ஆணைய மானியமும் உண்டு, 15-வது ஆணையத்தோட மானியத்தில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவாகணும்னு இருந்தது.

மார்க்கெட் வாடகை கதை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஊட்டி நகராட்சி மார்க்கெட்டில் உயர்த்தின வாடகையை வியாபாரிகள் ஏத்துக்கலை, பாக்கி கோடிக்கணக்கில் சேர்ந்தது, 2021 ஆகஸ்டில் நூத்துக்கணக்கான கடைகளுக்கு சீல் வச்சாங்க. கேரட்டும் பீன்ஸும் விக்கிற கடைக்காரரை நெருக்கித்தான் டூரிஸ்ட் ஊர் குப்பை அள்ளணும்னா, அந்த ஏற்பாட்டிலேயே ஏதோ இடிக்குது. என்னைக் கேட்டால், 2022 உயர்வில் பெரிய ஹோட்டல் கட்டடங்களுக்கு வந்த 100% எனக்கு ஓகே. டூரிஸ்ட் பாக்கெட்டில் நகராட்சி மறைமுகமாவாவது கை வைக்கக் கிடைக்கிற சில வழிகளில் அது ஒண்ணு. அதே 100% ஒரு சின்ன பேக்கரிக்கும்னு சொன்னப்போதான் பிரிச்சுப் பார்த்திருக்கலாமேன்னு தோணுச்சு.

இந்தக் கணக்கை மொத்தமா டைப் பண்ணி குரூப்பில் போட்டேன். மாமா கேட்டார்: "அப்போ போட் ஹவுஸ் டிக்கெட்டில் ஒரு ரெண்டு ரூபாயாவது ஊட்டி நகராட்சிக்குப் போனா என்ன?" சித்தப்பா அதுக்கு ஒரு தம்ஸ் அப் போட்டார். மாமா மெசேஜுக்கு அவர் போட்டு நான் பார்த்த முதல் தம்ஸ் அப். மறுநாள் வேற ஒரு வீடியோவுக்குச் சண்டை, அது வேற.

போறதுக்கு முன்னாடி ஒரு உபயோகமான தகவல். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஆரம்பம். முதல் 30 நாளில் கட்டினால் 5% தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். எங்க அப்பா கட்சி பத்திப் பேசவே மாட்டார், ஆனா இந்தத் தேதியை மட்டும் தவறவிட்டதே இல்லை. அடுத்த வாரம் பார்ப்போம்.