டிரம்பெட் தலைமையிலான ஜாஸ் சிறுகுழுவில் கூடுதல் ஊதுகருவிகள்: மைல்ஸ் டேவிஸின் இரு ஒலிப்பதிவுகள்

முன்னுரை

1940களில் நியூயார்க்கில் உருவான பீபாப் ஜாஸில் ஐவர் குழு பரவலான அமைப்பாக விளங்கியது. டிரம்பெட்டும் சாக்சபோனும் முன்னிற்க, பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகியவை அவற்றைத் தாங்கும். ஊதுகருவிகள் இரண்டும் முகப்பு மெட்டைப் பெரும்பாலும் ஒரே சுரங்களில் இணைந்து வாசிக்கும். பின்னர் கலைஞர்கள் ஒவ்வொருவராக மனோதர்ம வாசிப்பில் ஈடுபடுவர். இவ்வமைப்பில் மேலும் ஊதுகருவிகள் சேரும்போது ஒலியின் அடர்த்தி மட்டும் மாறுவதில்லை. எழுதப்பட்ட இசைக்கும் மனோதர்மத்திற்கும் உரிய பங்கும், தலைவர் என்னும் சொல்லின் பொருளும் மாறுகின்றன. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இரு பதிவுகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

ஒன்பதின்மர் குழு

1948இல் ராயல் ரூஸ்ட் அரங்கில் வாசித்த இக்குழு, 1949 ஜனவரி, ஏப்ரல், 1950 மார்ச் ஆகிய மூன்று அமர்வுகளில் கேபிடல் நிறுவனத்திற்காக 12 உருப்படிகளைப் பதிவு செய்தது. ஊதுகருவிகள் ஆறு: டிரம்பெட், டிராம்போன், பிரெஞ்சு ஹார்ன், டியூபா, ஆல்டோ சாக்சபோன், பாரிடோன் சாக்சபோன். இவை மேற்குரலும் கீழ்க்குரலுமாக இணை இணையாக அமைந்தவை. கிளாட் தார்ன்ஹில் இசைக்குழுவின் ஒலிவண்ணத்தைக் குறைந்த கருவிகளைக் கொண்டு பெறுவதே கில் எவன்ஸ், ஜெரி மல்லிகன் முதலியோரின் நோக்கமாக இருந்தது. எனவே டியூபா தாளத்தைத் தாங்கும் கருவியாக நில்லாது மெட்டில் பங்கேற்கும் குரலாயிற்று.

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். எழுதப்பட்ட பகுதிகள் விரிந்ததால் தனிவாசிப்புகள் சுருங்கின. எவன்ஸ் கோர்த்த ‘மூன் ட்ரீம்ஸ்’ உருப்படியில் கூட்டொலியே முதன்மை பெறுகிறது. டேவிஸின் டிரம்பெட் அந்நெசவின் ஓர் இழையாகிறது.

அறுவர் குழு

1954 ஏப்ரல் 29 அன்று பிரெஸ்டீஜ் நிறுவனத்திற்காகப் பதிவான ‘வாக்கின்’ உருப்படியில் டேவிஸுடன் டிராம்போனில் ஜே. ஜே. ஜான்சனும் டெனர் சாக்சபோனில் லக்கி தாம்சனும் இணைந்தனர். ஜான்சனும் டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க்கும் ஒன்பதின்மர் குழுவின் பதிவுகளிலும் பங்கேற்றவர்கள். ஆயினும் இசையின் போக்கு முற்றிலும் வேறு. 12 தாள அலகுகள் கொண்ட புளூஸ் வடிவில், நெடுநேர இசைத்தட்டின் துணையால், இவ்வுருப்படி 13 நிமிடத்திற்கு மேல் நீள்கிறது. எழுதப்பட்டது குறைவு, தனிவாசிப்புகளே மிகுதி. தாம்சன் வாசிக்கும்போது ஏனைய இரு ஊதுகருவிகள் குறுந்தொடர்களை மீண்டும் மீண்டும் எழுப்பி அவரை உந்துகின்றன. இங்குக் கூடுதல் கருவிகள் உரையாடலுக்கு வந்த புதிய பங்காளர்கள்.

முடிவுரை

கருவிகளின் எண்ணிக்கை மட்டும் குழுவின் இயல்பைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு எழுதப்பட்டது, தட்டு எவ்வளவு நேரம் அளித்தது என்னும் இரண்டும் சேர்த்தே நோக்கத்தக்கன. ஒன்பதின்மர் பதிவுகள் பின்னர் ‘பர்த் ஆஃப் தி கூல்’ என்னும் பெயரில் 1957இல் நெடுநேர இசைத்தட்டாகத் தொகுக்கப்பட்டபோதும் டேவிஸின் பெயரிலேயே அறியப்பட்டன. எனினும் மல்லிகன், எவன்ஸ், ஜான் லூயிஸ், ஜான் கரிசி ஆகியோரின் இசைக்கோர்ப்பின்றி அவ்வொலி இல்லை. ‘பாப்லிசிட்டி’ உருப்படியை ஆக்கியவராகக் குறிக்கப்பட்ட கிளியோ ஹென்றி என்பது டேவிஸின் தாயார் பெயர். அதனை ஆக்கியவர்கள் டேவிஸும் எவன்ஸும் ஆவர். ஆகவே ஒலிப்பதிவைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், உறையில் உள்ள தலைவர் பெயரோடு நில்லாது, கோர்த்தவர் யார், ஒவ்வொரு கருவியும் ஆற்றும் பணி யாது என்பவற்றையும் பதிவு செய்தல் வேண்டும்.