நெட்டையர் நடுவிலேதான் நிற்க வேண்டுமா?
கம்ப்யூட்டர் கூடைப்பந்தில் ஒரு புது யோசனை

கூடைப்பந்தாட்டத்தில் அணிக்கு ஐந்து பேர். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த 10 அடிதான், எழுதப்படாத சட்டம் ஒன்றையும் உண்டாக்கிவிட்டது. அணியில் நெட்டையானவர் வளையத்தருகே நிற்க வேண்டும். அவருக்கு 'சென்டர்' என்று பெயர். குட்டையானவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குப் பங்கிட வேண்டும். அவர் 'பாயிண்ட் கார்டு'. மற்ற மூவரும் இந்த இருவருக்கும் இடைப்பட்டவர்கள். 1891-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், முதலில் எழுதியவை 13 விதிகள். அவற்றில் நெட்டையர், குட்டையர் என்ற பேச்சே கிடையாது. பழக்கம்தான் நாளடைவில் சட்டமாகிவிட்டது.

இந்தச் சட்டத்தை மீறிப் பார்ப்பதில் இன்று பலருக்கு ஒரு தனி ருசி ஏற்பட்டிருக்கிறது. அதற்கு மைதானம் தேவையில்லை; கைபேசியும் இணையமும் இருந்தால் போதும்.

பந்தைத் தொடாமல் ஒரு பந்தாட்டம்

கம்ப்யூட்டரில் ஆடும் கூடைப்பந்தில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில், விரலால் பொத்தானை அழுத்தி ஆட்டக்காரரை ஓடவிடுகிறோம். மற்றதில் நாம் ஆடுவதே இல்லை, அணியை நிர்வகிக்கிறோம். யாரை எடுப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த ஐவரை இறக்குவது, எந்த முறையில் தாக்குவது, எப்படித் தடுப்பது என்பதையெல்லாம் தீர்மானித்துக் கொடுத்துவிட்டால், ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நடத்தி முடிக்கும். 'பஸ்ஸர்பீட்டர்' என்ற விளையாட்டில் எதிரணியை நிர்வகிப்பவரும் நம்மைப் போல ஒரு மனிதரே. உலகின் எந்த மூலையிலும் அவர் இருக்கலாம். 'பாஸ்கெட்பால் ஜி.எம்.' என்பது தனியாகவே ஆடக்கூடியது. இரண்டையும் காசு கொடுக்காமல் ஆடலாம்.

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது? ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பல திறமைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. தூரத்திலிருந்து எறிவது, பந்தை நழுவவிடாமல் தட்டுவது, கொடுத்து வாங்குவது, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது, எதிரியின் எறிதலைத் தடுப்பது என்று பட்டியல் நீளும். பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் இந்த அளவுகளைப் பார்த்து, கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் கலந்து, 'கூடை விழுந்ததா, இல்லையா' என்று எந்திரம் முடிவு செய்கிறது.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எந்திரத்துக்குக் கண் கிடையாது. "இவர் பார்த்தாலே சென்டர் போல இருக்கிறார்" என்று அது நினைக்காது. நாம்தான் அப்படி நினைக்கிறோம்.

சம்பளக் கணக்கு

வழக்கத்துக்கு மாறான ஐவரை இறக்குவோரின் முதல் காரணம் பணம். விளையாட்டுக்குள் இருக்கும் பணம்தான். பஸ்ஸர்பீட்டரில் ஓர் இடத்துக்கு வேண்டிய திறமைகள் எல்லாம் ஒருவரிடம் குவிந்துவிட்டால், அவர் சம்பளம் விர்ரென்று ஏறிவிடும். திறமைகள் அங்குமிங்குமாகப் பரவியிருந்தால் அவ்வளவு ஏறாது. ஆகவே வளையத்தருகே எறியத் தெரிந்த குட்டையரும், பந்தைப் பங்கிடத் தெரிந்த நெட்டையரும் சற்று மலிவாகவே கிடைப்பார்கள். மற்றவர்கள் "எந்த இடத்துக்கும் பொருந்தாதவர்" என்று ஒதுக்கிய ஐந்து பேரைச் சேர்த்து ஓர் அணி கட்டி, பெரிய சம்பளக்காரர்களைத் திணறடிப்பதில் இருக்கும் சந்தோஷம் சொல்லி முடியாது.

இரண்டாவது காரணம் பயிற்சி. அங்கே வாரத்துக்கு ஒரு திறமையில்தான் பயிற்சி தர முடியும். அதுவும் அந்தத் திறமைக்குரிய இடத்தில் 48 நிமிடம் ஆடியவருக்கே முழுப் பலன் கிடைக்கும். நெட்டையான 18 வயதுப் பையன் ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைச் சென்டராகவே நிறுத்தினால் இந்த வாரம் நாலு புள்ளி கூடும். ஆனால் பந்தைக் கொடுத்து வாங்க அவன் ஒருநாளும் கற்கமாட்டான். கார்டு இடத்தில் நிறுத்தினால் தடுமாறுவான், ஆட்டம் கைவிட்டுப் போகலாம். குட்டையரைவிட மெதுவாகவே கற்பான். ஆனால் சில பருவங்கள் கழித்து, எல்லாம் தெரிந்த நெட்டையராக நிற்பான். இன்றைய வெற்றியா, நாளைய ஆட்டக்காரரா? நிர்வாகியின் தலைவேதனை இதுதான். புதிதாக வேலைக்கு வந்த பையனைத் தெரிந்த மேஜையிலேயே உட்காரவைப்பதா, தப்புச் செய்தாலும் பரவாயில்லை என்று அடுத்த மேஜைக்கு அனுப்புவதா என்று யோசிக்கும் ஹெட் கிளார்க்குகளுக்கு இந்த வேதனை நன்றாகவே புரியும்.

மைதானத்திலும் நடந்ததுண்டு

"இதெல்லாம் கம்ப்யூட்டரில் சரி, நிஜ மைதானத்தில் நடக்குமா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நடந்திருக்கிறது.

1980-ம் ஆண்டு மே 16. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டித் தொடரில் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் பெரும் பலமான சென்டர் கரீம் அப்துல் ஜப்பாருக்கு முந்தைய ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பிலடெல்பியாவுக்கு அவர் வரவே இல்லை. அந்த இடத்தில் யார் நின்றார் தெரியுமா? அணியின் பாயிண்ட் கார்டான மாஜிக் ஜான்சன்! வயது 20, தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு அதுவே முதல் ஆண்டு. அன்று அவர் எடுத்தது 42 புள்ளிகள். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 15 முறை பிடித்தார். லேக்கர்ஸ் 123-107 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதே ஆட்டத்தில் ஜமால் வில்க்ஸ் எடுத்த 37 புள்ளிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் இடம் மாறினால் மற்ற நால்வரும் கூடவே உயர வேண்டும்.

அது வேறு வழியில்லாமல் செய்தது. வேண்டுமென்றே செய்த கதை 2015-ல் நடந்தது. இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், கிளீவ்லண்ட் அணியிடம் 1-2 என்று பின்தங்கியிருந்தது. அப்போது பயிற்சியாளர் குழுவில் நிக் யுரென் என்ற 28 வயது உதவியாளர், பழைய ஆட்டப் படங்களைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார்: 7 அடி சென்டரான ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு, ஆண்ட்ரே இகுடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கலாம். அந்த வருடம் லீக் ஆட்டங்கள் எதிலும் இகுடாலா தொடக்க ஐவரில் இடம்பெற்றதே இல்லை. சென்டர் இடத்தில் நின்றவரோ 6 அடி 6 அங்குல ட்ரேமண்ட் கிரீன்.

தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அந்த யோசனையை ஏற்றார். நாலாவது ஆட்டத்தில் 103-82 என்று வெற்றி. அடுத்த இரண்டு ஆட்டங்களும் அவர்களுக்கே. 40 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கிடைத்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு இகுடாலாவுக்கு! இதைவிட முக்கியமான ஒன்று: யோசனை யாருடையது என்பதை கெர் மறைக்கவில்லை, யுரென் பெயரைப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். கீழே உள்ளவரின் யோசனையை மேலே உள்ளவர் தன் யோசனையாக்கிக் கொள்வதைப் பார்த்துப் பழகியவர்கள், இந்த இடத்தை இரண்டு முறை படிப்பார்கள்.

மறுபக்கம்

குட்டையரை இறக்கினாலே வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. 2020 பிப்ரவரியில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி தன் நெட்டைச் சென்டரான கிளின்ட் கபேலாவையே வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கர் சென்டராக ஆடினார். அந்த ஆண்டு செப்டம்பரில் லேக்கர்ஸுடன் மோதியபோது முதல் ஆட்டத்தில் ஹூஸ்டனுக்கு 112-97 என்று வெற்றி. உடனே லேக்கர்ஸ் தன் நெட்டைச் சென்டர்களின் நேரத்தைக் குறைத்து, உயரமும் ஓட்டமும் ஒருங்கே கொண்ட அந்தோணி டேவிஸை நடுவில் நிறுத்தியது. அடுத்த நாலு ஆட்டங்களும் லேக்கர்ஸ் பக்கம்! எதிரி திகைக்கும் வரைதான் புதுமைக்குப் பலம். அவர் தன்னை மாற்றிக்கொண்டபின் நம் கையில் என்ன மிச்சம் என்பதையும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

புதிதாக ஆடுவோருக்கு

முதலில், ஐவரின் பட்டப்பெயர்களை மறந்து, அணிக்குத் தேவையான வேலைகளைத் தாளில் எழுதுங்கள். பந்தைக் கொண்டு வருவது யார்? தூரத்திலிருந்து எறிபவர் யார்? திரும்பும் பந்தைப் பிடிப்பவர் யார்? எதிரணியின் நெட்டையரைத் தடுப்பவர் யார்? நாலு வேலைக்கும் ஆள் இருந்தால், அவர்கள் எந்த உயரமானாலும் இறக்கலாம். ஒரு வேலைக்கு ஆளே இல்லையென்றால் அது புதுமையல்ல, ஓட்டை.

அடுத்து, ஆட்களுக்கேற்ற ஆட்டமுறை வேண்டும். தூரத்திலிருந்து எறிபவர்களை நிறுத்திவிட்டு, வளையத்தருகே தாக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் யாராலும் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது, ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கணக்கில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. நட்பு ஆட்டங்களில் பலமுறை சோதித்துப் பார்த்து, புள்ளி விவரங்களைக் குறித்து வைத்து, பிறகு முக்கியமான ஆட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஊரைவிட்டு வந்து, ஷிப்டும் சமையலும் துணி துவைப்பதுமாக நாளைக் கழிக்கும் நம்மவர்களுக்கு இது மலிவான, சண்டையில்லாத பொழுதுபோக்கு. நமது அணி ராத்திரி இரண்டு மணிக்கு ஆடினாலும் நாம் விழித்திருக்க வேண்டியதில்லை. ஐவரின் பெயரைக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். முடிவைக் காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் பார்த்துக்கொள்ளலாம்.