மடிக்கணினியின் இணைய இணைப்பை வீட்டு ரவுட்டர் வழியாகப் பகிர்தல்

வதிவிட அனுமதியின் நிலையை அறிதலும் பிள்ளைகளைப் பாடசாலையில் பதிதலும் இன்று இணையவழியே நடைபெறுகின்றன. நிலையான தொலைபேசி இணைப்பு இல்லாத வாடகை வீட்டில், சிம் மோடம் செருகிய ஒரு மடிக்கணினி மட்டும் இருப்பது போதாது. அவ்விணைப்பை ரவுட்டர் மூலம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வழங்கலாம்.

வலையமைப்புக் கம்பியின் ஒரு முனையை மடிக்கணினியிலும் மறுமுனையை ரவுட்டரின் ‘வான்’ துளையிலும் செருகவும். விண்டோஸில், மோடம் இணைப்பின் பண்புகளைத் திறந்து பகிர்தலை அனுமதிக்கவும். கணினி அக்கம்பியில் 192.168.137.1 என்னும் முகவரியை எடுத்துக்கொள்ளும். ரவுட்டர் தன் முகவரியைத் தானாகப் பெறுமாறு அமைந்திருத்தல் வேண்டும். தொலைபேசிக் கம்பிக்கான பழைய ரவுட்டர்கள் பலவற்றில் ‘வான்’ துளை இராது. அவற்றில் சாதாரணத் துளையொன்றைப் பயன்படுத்தி, முகவரி வழங்கும் ‘டிஹெச்சிபி’ பணியை நிறுத்திவிடவும். அதை மடிக்கணினியே செய்யும்.

மடிக்கணினியை மூடினால் அனைவரது இணைப்பும் அறும். ரவுட்டர் பழுதென்று கடைக்கு எடுத்துச் செல்லுமுன் இதைப் பார்க்கவும். வியா மக்வேதாவின் தடித்த கல்சுவர்களுக்குள் அலைவரிசை நலியும். ஆதலால் மோடம் சன்னலருகே இருப்பது நன்று.

பொது இணைய நிலையங்கள் பயனாளரின் அடையாளத்தைப் பதியவேண்டுமென 2005ஆம் ஆண்டு அவசரச் சட்டம் விதித்தது. பொதுமக்களுக்கு வைஃபை வழங்குவோர் பயனாளரை அடையாளங்காணத் தேவையில்லையென 2013இல் சட்டமாயிற்று. ஆயினும் சிம் அட்டை உங்கள் பெயரிலேயே பதிவாகியுள்ளது. அதன்வழி பிறர் குற்றம் இழைப்பினும் முதல் விசாரணை உங்களிடமே வரக்கூடும். எனவே வைஃபைக்கு நீண்ட கடவுச்சொல் இடவும். அயலவருக்கு அதைக் கொடுக்குமுன், பகிர்தலுக்கு இடமுண்டா என்று ஒப்பந்தத்தில் பார்க்கவும்.